70 + 20 + 10 = 100 இல்லையாம்! ஒரு ஆடிட்டர் பிரௌசருக்குள்ள கண்டுபிடிச்ச 6 விஷயங்கள்



நம்ம தளத்துல ஒரு பட்ஜெட் கால்குலேட்டர் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? சம்பளத்தைப் போட்டு, செலவுக்கு எத்தனை சதவீதம், முதலீட்டுக்கு எத்தனை, ஊருக்கு அனுப்ப எத்தனைன்னு கொடுத்தா பிரிச்சுக் காட்டும். மூணு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கிட்டு நானே எழுதினது. பெருமையா வீடியோவுலயும் சொன்னேன்.

ரெண்டாவது நாளே ஒரு தம்பிகிட்ட இருந்து மெயில். "அண்ணா, 70, 20, 10ன்னு போட்டேன். 'மொத்தம் 100 சதவீதம் வரவில்லை, சரிபார்க்கவும்'னு சிவப்புல காட்டுது. நீங்க நிஜமாவே ஆடிட்டர்தானா?" கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

நான் போட்டுப் பாத்தேன். சிவப்பு. அப்படியே திருப்பி 10, 20, 70ன்னு போட்டேன். பச்சை! அதே மூணு எண்கள், வரிசை மட்டும்தான் வேற. பதிமூணு வருஷமா பேலன்ஸ் ஷீட் டேலி பண்ணிட்டு இருக்கறவனுக்கு இதைவிட பெரிய அவமானம் என்ன இருக்கு?

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச தேடல் எங்கெங்கேயோ போச்சு. புரோகிராமர்களுக்கு இதெல்லாம் பால பாடம். ஆனா சம்பளம் வாங்குற, இஎம்ஐ கட்டுற, எக்செல்ல பட்ஜெட் போடுற நம்ம யாருக்கும் இதை யாரும் சொல்லித் தரலை. அதுல பணத்தோட நேரடியா சம்பந்தப்பட்ட ஆறு விஷயங்களை இங்க எழுதறேன். கடைசி ரெண்டும் லட்சக்கணக்குல விளையாடுற விஷயம், அதனால பாதியில விட்டுடாதீங்க.

1. கம்ப்யூட்டருக்கு பத்து பைசா தெரியாது

ஒரு லேப்டாப்ல குரோம் பிரௌசரைத் திறங்க. எஃப்12 அழுத்துங்க. வலது பக்கமோ கீழயோ ஒரு பெட்டி திறக்கும். அதுல கன்சோல்னு ஒரு தாவல் இருக்கும். அங்க 0.1 + 0.2ன்னு டைப் பண்ணி என்டர் அடிங்க.

0.3 வராது. 0.30000000000000004ன்னு வரும்.

இப்போ 0.7 + 0.2 + 0.1 போடுங்க. 0.9999999999999999 வரும். 0.1 + 0.2 + 0.7 போட்டா சமத்தா 1 வரும். என் கால்குலேட்டர் மாட்டினது இங்கதான். சதவீதத்தை 100ஆல வகுத்து, கூட்டி, 1 வருதான்னு பாக்கச் சொல்லியிருந்தேன்.

இது பிரௌசரோட தப்பு இல்லை. நம்மால 1/3ஐ தசமத்துல முழுசா எழுத முடியுமா? 0.3333ன்னு போயிட்டே இருக்கும், எங்கயாவது நிறுத்தித்தான் ஆகணும். கம்ப்யூட்டர் ரெண்டோட அடுக்குகள்ல எண்ணுது. அதனால அரை, கால், முக்கால் எல்லாம் அதுக்குக் கச்சிதம். ஆனா பத்துல ஒண்ணை அதால முடிவா எழுதவே முடியாது. நமக்கு 1/3 எப்படியோ, அதுக்கு 1/10 அப்படி. அதனால ஒரு இடத்துல வெட்டி, கிட்டத்தட்ட சரியான எண்ணை வச்சுக்குது. ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் மறுபடி கிட்டத்தட்ட. வரிசை மாறினா அந்தக் கிட்டத்தட்டவும் மாறும்.

இதுக்கு ஐஇஇஇ 754னு ஒரு தரநிலை 1985ல வந்தது. அதுக்கு முக்கியமா உழைச்ச வில்லியம் காஹன் 1989ல டூரிங் விருது வாங்கினார். இன்னிக்கு உங்க போன்ல இருந்து ஆபீஸ் சர்வர் வரைக்கும் அதே முறைதான்.

அப்போ பணம் புழங்குற மென்பொருள் எல்லாம் என்ன பண்ணுது? ரூபாயை மறந்துட்டு பைசால எண்ணுது. 500 ரூபாயை 50000ன்னு முழு எண்ணா வச்சுக்கும். ரேஸர்பே, ஸ்ட்ரைப் மாதிரி பேமென்ட் கேட்வேக்கள் டெவலப்பர்கிட்ட தொகையை இப்படித்தான் கேக்கும். அங்க ஒரு புது டெவலப்பர் 500ன்னு அனுப்பினா கஸ்டமர்கிட்ட 5 ரூபாய்தான் எடுக்கும்! பைசால எண்ணினா, ஜாவாஸ்கிரிப்ட் சுமார் 90 லட்சம் கோடி ரூபாய் வரைக்கும் ஒரு பைசா பிசகாம எண்ணும். நமக்கு அது போதும்னு நினைக்கறேன்.

நம்ம பாட்டிங்க காசை அணாவுலயும் பைசாவுலயும் எண்ணி சுருக்குப்பையில முடிஞ்சு வச்சதுதான் சரியான புரோகிராமிங். என் கால்குலேட்டரையும் முழு எண்ணுக்கு மாத்திட்டேன். இப்போ எந்த வரிசையில போட்டாலும் பச்சைதான்.

2. அரை பைசாவை வெட்டினா பங்குச்சந்தையே பாதியாகும்

"0.00000000000000004 ரூபாய் போனா போகட்டும் சார்"னு சொல்றீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன், கனடாவோட வான்கூவர் பங்குச்சந்தை கதையைப் படிக்கற வரைக்கும்.

1982 ஜனவரியில அங்க ஒரு புது குறியீட்டு எண்ணை ஆரம்பிச்சாங்க. ஆரம்ப மதிப்பு 1000.000. ஒவ்வொரு வர்த்தகம் நடக்கும்போதும் குறியீட்டைத் திருத்தி எழுதும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,000 தடவை. மூணு தசம இடம்தான் காட்டணும். நாலாவது இடத்துல இருந்து வர்றதை ரவுண்டு பண்ணாம அப்படியே வெட்டி எறிஞ்சுட்டாங்க. அதாவது 540.3219 வந்தா 540.322 ஆக்காம 540.321.

ஒரு தடவைக்கு ஆயிரத்துல ஒரு புள்ளி கூட இல்லை. ஆனா வெட்டு எப்பவும் ஒரே திசையில, கீழே. பழைய வெட்டின எண்ணு மேலதான் அடுத்த கணக்கு. சந்தை நல்லா இருந்தும் குறியீடு மட்டும் மாசாமாசம் தேய்ஞ்சுக்கிட்டே போச்சு. 1983 நவம்பர் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை 524.811ல முடிஞ்சது. கணக்கைத் திருத்தி திங்கள்கிழமை திறந்தப்போ 1098.892! சந்தையில ஒரு மாற்றமும் இல்லை, 22 மாசத்துக்கு வெட்டின துணுக்கு மட்டும்தான் திரும்பி வந்தது.

சின்னத் தப்பு ஆபத்தில்லை. ஒரே திசையில திரும்பத் திரும்ப நடக்கற சின்னத் தப்புதான் ஆபத்து. மியூச்சுவல் ஃபண்ட் செலவு விகிதம் 1 சதவீதம்தானேன்னு விடறதும் இதே கதைதான், அது வேற வீடியோ.

சரி, வெட்டக் கூடாது, ரவுண்டு பண்ணணும். ஆனா எப்படி? 2.5ஐ ரவுண்டு பண்ணினா என்ன வரும்? எக்செல் 3ன்னு சொல்லும். பைத்தான் மொழியில கேட்டா 2ன்னு சொல்லும்! 3.5ஐக் கேட்டா 4. சரியா பாதியில நிக்கற எண்ணை பக்கத்துல இருக்கற இரட்டை எண்ணுக்குக் கொண்டு போகும். பாதியை எப்பவும் மேலயே தள்ளினா மொத்தம் மெல்ல வீங்கும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பேங்கர்ஸ் ரவுண்டிங்னு பேர்.

நம்ம வருமான வரிச் சட்டத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. மொத்த வருமானத்துல பைசாவை விட்டுட்டு, கடைசி இலக்கம் 5 அல்லது அதுக்கு மேல இருந்தா அடுத்த பத்துக்கு ஏத்தணும், இல்லைன்னா இறக்கணும். 6,43,214 ரூபாய்னா 6,43,210. 6,43,215ன்னா 6,43,220. உங்க படிவம் 16க்கும் ரிட்டர்னுக்கும் நாலஞ்சு ரூபாய் வித்தியாசம் இருக்குன்னு பதறி மெயில் போடறீங்களே, பெரும்பாலும் காரணம் இதுதான். அதே மாதிரி லோன்ல கடைசி இஎம்ஐ மட்டும் கொஞ்சம் கூடவோ குறைவாவோ இருக்கும். மாசாமாசம் ரவுண்டு பண்ணின துணுக்கெல்லாம் அங்க வந்து கணக்கு தீரும். பயப்பட ஒண்ணும் இல்லை.

3. எக்செல் சத்தமில்லாம மாத்தற எண்

இது நம்ம எல்லாரும் தினமும் தொடற விஷயம்.

ஒரு காலி எக்செல் ஷீட்ல ஏதாவது ஒரு 16 இலக்க எண்ணை டைப் பண்ணி என்டர் அடிங்க. செல்லை கிளிக் பண்ணி மேல இருக்கற ஃபார்முலா பட்டையில பாருங்க. கடைசி இலக்கம் 0 ஆகியிருக்கும். நீங்க 7 போட்டிருந்தாலும் 0தான். எச்சரிக்கை, சிவப்புக் கோடு, எதுவும் வராது.

காரணம், எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம்தான் ஞாபகம் வச்சுக்கும். சில வங்கிகளோட கணக்கு எண் 16 இலக்கம். கிரெடிட் கார்டு எண்ணும் பெரும்பாலும் 16. இன்னொரு பக்கம், 0ல ஆரம்பிக்கற கணக்கு எண்ணை டைப் பண்ணினா முன்னாடி இருக்கற பூஜ்ஜியங்களை அது பாட்டுக்கு முழுங்கிடும். 12 இலக்க யுஏஎன் எண்ணைப் போட்டா 1.01இ+11ன்னு கணக்குப் பரீட்சை மாதிரி காட்டும்.

ஆபீஸ்ல எச்ஆர் "எல்லாரும் இந்த ஷீட்ல கணக்கு எண் போடுங்க"ன்னு அனுப்பறாங்க. நீங்க போட்டு, சரியா இருக்கான்னு பாக்காம மூடிடறீங்க. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ்ல கணக்கு எண்ணை மட்டும் வச்சுத்தான் பணம் வரவு வைப்பாங்க, பேரை வச்சு இல்லை. எண் யாருக்கும் பொருந்தலைன்னா பணம் திரும்பி வரும். வேற ஒருத்தருக்குப் பொருந்திட்டா? அலைச்சல் உங்களுக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி பெறுபவர் பேரைக் காட்டற வசதியை 2025 ஏப்ரல் 1க்குள்ள வங்கிகள் கொண்டு வரணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது இந்தத் தலைவலிக்காகத்தான். பணம் அனுப்பும்போது அந்தப் பேரை ஒரு நொடி நின்னு படிங்க.

தீர்வு ரொம்ப சுலபம். எண்ணுக்கு முன்னாடி ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடுங்க, இல்லைன்னா டைப் பண்றதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை டெக்ஸ்ட்னு மாத்திடுங்க. மாத்தினதுக்கு அப்புறம்தான் டைப் பண்ணணும். போன இலக்கம் திரும்ப வராது. எதைக் கூட்டிக் கழிக்கப் போறதில்லையோ அது எண்ணே இல்லை, பேர் மாதிரி. கணக்கு எண், போன் எண், ஆதார் எல்லாமே அப்படித்தான்.

எக்செலால சறுக்கினது நாம மட்டும் இல்லை. மார்ச்1, செப்ட்1னு குறுக்கின பேர் இருந்த மனித ஜீன்களை எக்செல் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, 2020ல விஞ்ஞானிகள் ஜீனோட பேரையே மாத்திட்டாங்க. அதே வருஷம் இங்கிலாந்துல, பழைய எக்செல் கோப்புல 65,536 வரிசைக்கு மேல இடம் இல்லாததால 15,841 கொரோனா நோயாளிகள் கணக்குல இருந்து விடுபட்டாங்க. 2012ல ஜேபி மார்கன் வங்கி சுமார் 6.2 பில்லியன் டாலர் இழந்த விவகாரத்துல, அபாயத்தை அளக்கற ஷீட்ல சராசரியால வகுக்க வேண்டிய இடத்துல கூட்டுத்தொகையால வகுத்திருந்தாங்கன்னு அவங்க உள் விசாரணையே சொன்னது. அபாயம் பாதியாத் தெரிஞ்சது. நஷ்டத்துக்கு அது ஒண்ணே காரணம் இல்லைதான். ஆனா தெர்மாமீட்டர் தப்பா இருந்தா காய்ச்சல் தெரியாதில்லையா?

4. கார்டு எண்ணோட கடைசி இலக்கம் ஒரு காவல்காரன்

ஆன்லைன்ல கார்டு எண்ணை ஒரு இலக்கம் தப்பா போட்டா, சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே "தவறான எண்"ணு வருமே, வங்கியைக் கேக்காம அதுக்கு எப்படித் தெரியுது?

ஐபிஎம்ல வேலை பாத்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச ஒரு தந்திரம். வலது பக்கத்துல இருந்து ஒண்ணு விட்டு ஒண்ணா இலக்கங்களை இரட்டிக்கணும். 9க்கு மேல போனா 9ஐக் கழிக்கணும். எல்லாத்தையும் கூட்டினா 10ஆல வகுபடணும். டெவலப்பர்கள் சோதனைக்குப் பயன்படுத்தற 4111 1111 1111 1111ஐ எடுத்துக்கங்க. 4 இரட்டிச்சு 8. ஏழு ஒண்ணுகள் இரட்டிச்சு 14. மீதி எட்டு ஒண்ணுகள் 8. மொத்தம் 30. சரி! ஏதாவது ஒரு இலக்கத்தை மாத்திப் பாருங்க, 10ஆல வகுபடாது.

ஆதாரோட கடைசி இலக்கமும் இந்த மாதிரிதான், ஆனா டச்சுக் கணித அறிஞர் வெர்ஹாஃப் 1969ல கொடுத்த இன்னும் கறாரான முறை. பக்கத்து இலக்கங்கள் எது இடம் மாறினாலும் பிடிச்சுடும். லூன் முறைக்கு 09, 90 ஆனா தெரியாது. ஜிஎஸ்டிஐஎன்லயும் 15ஆவது எழுத்து சோதனை எழுத்துதான். முதல் ரெண்டு மாநிலம், தமிழ்நாடுன்னா 33. அடுத்த பத்து பான் எண்.

ஆனா சோதனை இலக்கம் கைத்தவறைத்தான் பிடிக்கும், கள்ளத்தனத்தைப் பிடிக்காது. பொய்யா ஒரு எண்ணைத் தயாரிக்கறவன் கடைசி இலக்கத்தையும் சரியாவே போடுவான். பில்லுல இருக்கற ஜிஎஸ்டிஐஎன் நிஜமான்னு ஜிஎஸ்டி தளத்துலயே லாகின் இல்லாம தேடிப் பாக்கலாம். வருஷ வாடகை 1 லட்சத்துக்கு மேல போய் எச்ஆர்ஏ கேக்கறீங்கன்னா வீட்டுக்காரர் பான் கொடுக்கணும். அவர் தனி நபர்னா நாலாவது எழுத்து ஆங்கில 'பி'யா இருக்கணும். நிறுவனம்னா 'சி'. வாங்கும்போதே பாத்துடுங்க. ஒரு பார்வை போதும்.

5. ஒரே எஸ்ஐபி, மூணு கால்குலேட்டர், மூணு விடை

இப்போ பெரிய தொகைக்கு வருவோம்.

மாசம் 10,000 ரூபாய், 15 வருஷம், 12 சதவீதம். இதைப் பல எஸ்ஐபி கால்குலேட்டர்ல போட்டா 50,45,760 ரூபாய்னு வரும். வேற சிலதுல சுமார் 49.96 லட்சம். இன்னும் சிலதுல சுமார் 47.59 லட்சம். எது பொய்?

எதுவும் பொய் இல்லை. வித்தியாசம் கோடுக்குள்ள இருக்கற ஒரே ஒரு வரியில இருக்கு. முதலாவது, 12ஐ 12ஆல வகுத்து மாசம் 1 சதவீதம்னு எடுத்துக்குது, பணம் மாச ஆரம்பத்துல போகுதுன்னு வச்சுக்குது. ரெண்டாவது அதே கணக்கு, பணம் மட்டும் மாசக் கடைசியில போகுது. மூணாவதுதான் சுவாரசியம். மாசம் 1 சதவீதம் கூட்டு வட்டியில வளர்ந்தா வருஷத்துக்கு 12 இல்லை, 12.68 சதவீதம் ஆயிடும். வருஷத்துக்கு சரியா 12 வரணும்னா மாசத்துக்கு 0.949 சதவீதம்தான். மூணாவது கால்குலேட்டர் அதைப் போடுது.

மியூச்சுவல் ஃபண்டுல "12 சதவீத வருமானம்"னு நாம பேசறது சிஏஜிஆர். அது வருஷக் கணக்கு. அப்போ 47.59 லட்சம்தான் நியாயமான விடை. 50.46 லட்சம்னு காட்டறது, உங்களுக்குத் தெரியாமலேயே வருமானத்தை 12.68 ஆக்கிடுது. வித்தியாசம் சுமார் 2.86 லட்சம். பொண்ணோட முதல் வருஷக் காலேஜ் ஃபீஸ், ஒரே ஒரு வகுத்தல் குறியில!

லோன்ல கதை வேற. 9 சதவீத வீட்டுக்கடன்னா வங்கி 9ஐ 12ஆல வகுத்து மாசம் 0.75 சதவீதம் போடறதுதான் முறை, இஎம்ஐ கால்குலேட்டர் அப்படிப் போட்டா சரி. அதாவது வருஷக் கணக்குல பாத்தா அந்தக் கடனோட உண்மையான வட்டி சுமார் 9.38. அதனால "9 சதவீதக் கடனை அடைக்கலாமா, 9 சதவீதம் சிஏஜிஆர் தர்ற இடத்துல போடலாமா, ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேட்டீங்கன்னா, இல்லை. கடன்தான் கனம்.

எப்படிச் சரிபாக்கறது? பல தளங்கள்ல இந்தக் கணக்கு உங்க பிரௌசர்லயே நடக்குது. கால்குலேட்டர் எந்தச் சூத்திரம் போடுதுன்னு கோடைப் படிக்கத் தெரியாட்டியும் ஒரு குறுக்குவழி இருக்கு. மாசம் 1,000 ரூபாய், 1 வருஷம், 12 சதவீதம்னு போடுங்க. 12,809ன்னு வந்தா மாசம் 1 சதவீதக் கணக்கு. 12,766னு வந்தா வருஷக் கணக்கு. அவ்வளவுதான்.

நேர்மையா ஒரு விஷயம் சொல்லணும். நம்ம தளத்துல ரெண்டு வருஷமா இருந்த எஸ்ஐபி கால்குலேட்டரும் 12ஆல வகுக்கறதுதான். அதை வச்சு இலக்கு போட்டவங்க இருப்பீங்க. மாத்திட்டேன். தயவுசெஞ்சு உங்க இலக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. மாசம் 10,000 போட்டவர் அதே 50.46 லட்சம் வேணும்னா சுமார் 10,600 போட வேண்டியிருக்கும்.

6. எஃப்12 அழுத்தத் தெரிஞ்சவன் கோடீஸ்வரன்

முதல் கண்டுபிடிப்புல எஃப்12 அழுத்தினீங்களே, அங்கயே முடிக்கறேன்.

அதே பெட்டியில எலிமென்ட்ஸ்னு இன்னொரு தாவல் இருக்கு. திரையில தெரியற எந்த எழுத்தையும், எந்த எண்ணையும் அங்க ரெண்டு தடவை கிளிக் பண்ணி மாத்தலாம். உங்க நெட்பேங்கிங்கைத் திறந்து 8,412 ரூபாய் இருப்பை 84,12,000 ஆக்கலாம். திரையில அச்சு அசலா அப்படியே தெரியும். எழுத்துரு, நிறம், லோகோ எதுவும் மாறாது. வங்கியோட சர்வர்ல ஒரு பைசா மாறாது, ஹேக்கிங்கும் இல்லை. சர்வர் அனுப்பின கடிதத்தோட நகல் உங்ககிட்ட இருக்கு, அதுல நீங்க பேனாவால கிறுக்கறீங்க. பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணினா பழையபடி ஆயிடும். ஆனா அதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்துடலாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, 26 வயசு, ஐடி வேலை. டெலிகிராம் குரூப்ல ஒருத்தர் தினமும் லாப ஸ்கிரீன்ஷாட் போடுவார். இன்னிக்கு 1.8 லட்சம், நேத்து 92 ஆயிரம். மூணு மாசம் பாத்துட்டு, பர்சனல் லோன் எடுத்து 4 லட்சம் கொடுத்தான். எதை நம்பிக் கொடுத்தேன்னு கேட்டப்போ போனை நீட்டினான். "அண்ணா, புரோக்கர் பக்கத்துலயே தெரியுது பாருங்க, இதை எப்படி அண்ணா மாத்த முடியும்?"

நான் பதில் சொல்லலை. என் லேப்டாப்பைத் திறந்து, என் கணக்குல 3,200 ரூபாய் நஷ்டத்தை 32 லட்சம் லாபமா மாத்திக் காட்டினேன். இருபது நொடி ஆகியிருக்கும். அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அந்த லோனுக்கு இன்னும் இஎம்ஐ கட்டிட்டு இருக்கான்.

அந்த இருபது நொடியை யாராவது ஒரு மாசம் முன்னாடி அவனுக்குக் காட்டியிருந்தா 4 லட்சம் மிஞ்சியிருக்கும். இந்தக் கட்டுரையை எழுதறதுக்கு நிஜக் காரணம் அதுதான்.

அதனால ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் இல்லை. ஓடற வீடியோவும் ஆதாரம் இல்லை, மாத்தினதுக்கு அப்புறம் ரெக்கார்ட் பண்ணலாம். பழைய பைக்கையோ லேப்டாப்பையோ விக்கறீங்க, வாங்கறவர் "பணம் போட்டாச்சு"ன்னு திரையைக் காட்டறாரு, உங்க கணக்குக்கு வந்துச்சான்னு உங்க ஆப்ல பாத்துட்டு சாவியைக் கொடுங்க. முதலீட்டு ஆலோசனை சொல்றவர்கிட்ட செபி பதிவு எண் கேளுங்க. முதலீட்டு ஆலோசகர்னா ஐஎன்ஏ, ஆய்வாளர்னா ஐஎன்எச்னு ஆரம்பிக்கும். அந்த எண்ணை அவர் காட்டற திரையில பாக்காதீங்க, செபி தளத்துல நீங்களே தேடுங்க.

இந்த வாரம் பத்து நிமிஷ வேலை

கட்டுரையைப் படிச்சு ஷேர் பண்றதோட நிறுத்தாம இந்த நாலையும் பண்ணிடுங்க.

முதல்ல, உங்க சேமிப்பு ஷீட்ல கணக்கு எண், யுஏஎன், பாலிசி எண் இருக்கற காலங்களைத் திறந்து பாஸ்புக்கோட ஒப்பிடுங்க. கடைசி இலக்கத்தைக் குறிப்பா பாருங்க.

ரெண்டாவது, நீங்க வழக்கமா பயன்படுத்தற எஸ்ஐபி கால்குலேட்டர்ல அந்த 1,000 ரூபாய் சோதனையைப் போடுங்க. 12,809 வந்தா உங்க இலக்குத் தொகையைத் திருத்துங்க.

மூணாவது, பட்ஜெட் ஷீட்ல "மொத்தம் சமமா"ன்னு பாக்கற இடத்துல எல்லாம் ரவுண்ட் சூத்திரத்தைப் போட்டு ரெண்டு தசமத்துக்குள்ள ஒப்பிடுங்க. இல்லைன்னா பைசா கணக்குக்கு மாறுங்க.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். வீட்டுல அம்மா, அப்பா, தம்பி, தங்கச்சி யாரையாவது பக்கத்துல உட்கார வச்சு எஃப்12 அழுத்தி ஒரு எண்ணை மாத்திக் காட்டுங்க. நூறு எச்சரிக்கை மெசேஜ் ஃபார்வர்ட் பண்றதைவிட அந்த இருபது நொடி மேல். கண்ணால பாத்தவங்க அப்புறம் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப மாட்டாங்க.

எனக்கு மெயில் போட்ட அந்தத் தம்பிக்கு நன்றி. ஆமாம்பா, நிஜமாவே ஆடிட்டர்தான். புரோகிராமர்தான் இன்னும் ஆகலை.

உங்க கால்குலேட்டர்ல 12,809 வந்துச்சா, 12,766 வந்துச்சான்னு கமென்ட்ல போடுங்க. எஃப்12 பாகத்தை லைவா பண்ணிக் காட்டற வீடியோ இந்த வார இறுதியில சேனல்ல வரும். அதுவரைக்கும் பைசா பைசாவா எண்ணுங்க!